ஓடும் பிள்ளையை அளத்தல்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



எவருடைய நினைவாக இச்சொற்பொழிவு ஏற்படுத்தப்பட்டிருக்கிறதோ அந்தப் பெரியவர் தம் உத்தியோக காலம் முழுவதையும் பள்ளிக்கூடத்து மைதானத்தில் கழித்த தேகப்பயிற்சி ஆசிரியர் என்றும், பரீட்சை நெருங்கும் காலத்தில்கூட விளையாட்டுப் பீரியடை வேறு பாடத்துக்கு விட்டுக்கொடுக்க இசையாதவர் என்றும் அவருடைய மாணவர்கள் என்னிடம் சொன்னார்கள். பிள்ளைகள் ஓடியாட வேண்டும் என்பதில் அவருக்கு இருந்த உறுதிக்கு இன்றைய விஞ்ஞானம் என்ன சான்று வைத்திருக்கிறது என்று ஆராய்வது அவருக்குச் செய்யும் மரியாதையாகும் என்று கருதியே, உடலில் அணியும் அசைவு உணர்வுக் கருவிகளைக் கொண்டு பிள்ளைகளின் உடலியக்கத்தை அளக்கும் முயற்சியை இன்று பேசுபொருளாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு ஆராய்ச்சிகளின் முடிவுகளை முதலில் அருகருகே வைத்துக் காட்ட விரும்புகிறேன். 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், டென்மார்க், போர்ச்சுகல், எஸ்தோனியா, நார்வே ஆகிய நான்கு நாடுகளைச் சேர்ந்த ஒன்பது வயதுப் பிள்ளைகளின் இடுப்பில் ஒரு சிறு கருவியைக் கட்டி அவர்களுடைய அசைவுகளைப் பதிவு செய்து பார்த்தபோது, நாள்தோறும் ஒரு மணி நேரமாவது மிதமான அல்லது கடுமையான உடலுழைப்பு வேண்டும் என்ற நியதியை நூற்றுக்கு 97 பேர் நிறைவேற்றுகிறார்கள் என்று கண்டார்கள். மூன்றாண்டு கழித்து, இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரைச் சூழ்ந்த வட்டாரத்தில் பிறப்பிலிருந்தே தொடர்ந்து கவனிக்கப்பட்டு வந்த பிள்ளைகளுள் 5,595 பேரை, அவர்களுடைய பதினோரு வயதில், அதே வகைக் கருவியைக் கட்டி அளந்தபோது, அதே ஒரு மணி நேர நியதியை எட்டியவர்கள் நூற்றுக்கு 2.5 பேர் மட்டுமே என்றும், பையன்களில் 5.1 சதவீதமும் பெண்பிள்ளைகளில் 0.4 சதவீதமுமே அவ்வாறு எட்டினர் என்றும் அறிவித்தார்கள். கடலின் அக்கரையில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் ஆரோக்கியமாக ஓடியாடிக்கொண்டிருக்க, இக்கரையில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் முடங்கிக் கிடக்கிறார்கள் என்று எவரேனும் நம்புவாரா? இரண்டாண்டு வயது வித்தியாசமும் தேச வித்தியாசமும் இத்தனை பெரிய பள்ளத்தைத் தோண்டிவிட முடியாது.

உண்மை என்னவென்றால், அந்தப் பள்ளத்தின் பெரும்பகுதி பிள்ளைகளிடம் இல்லை. கருவி தரும் எண்களில் எந்த எண்ணுக்கு மேற்பட்டதை உழைப்பென்று கொள்வது என்று ஆராய்ச்சியாளர்கள் வகுத்துக்கொண்ட எல்லைக்கோட்டில் இருக்கிறது. முதல் ஆராய்ச்சியில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அந்தக் கோடு நிமிடத்துக்கு ஆயிரத்தை ஒட்டி இருந்தது. பிரிஸ்டலில் அது 3,600. இரு சாராரும் தாங்கள் வைத்த கோட்டை ஒளிக்காமல் வெளியிட்டிருக்கிறார்கள், அவர்களுடைய நேர்மையில் எனக்குச் சிறிதும் சந்தேகம் இல்லை. ஆயினும், ஒரு தேசத்துப் பிள்ளைகள் ஆரோக்கியமாக இருக்கிறார்களா இல்லையா என்ற கேள்விக்கு விடை சொல்லும் எண், கோட்டை நகர்த்தினால் 97-லிருந்து 2.5-க்கு இறங்கிவிடும் என்றால், அந்த எண் எங்கிருந்து பிறக்கிறது என்பதைப் பொறுமையாகப் பின்தொடர்ந்து பார்ப்பது பிள்ளைகள்பால் அக்கறையுள்ள எவருக்கும் கடமையாகிறது.

உடலியக்கத்துக்கும் ஆரோக்கியத்துக்கும் உள்ள சம்பந்தத்தை நவீன மருத்துவம் முதன்முதலில் தெளிவாகக் கண்டது பெரியவர்களிடத்தில்தான். 1953-இல் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞர், லண்டன் மாநகரத்து இரட்டைமாடி பஸ்களில் நாள் முழுதும் உட்கார்ந்து வண்டி ஓட்டும் டிரைவர்களையும், அதே பஸ்களில் ஓயாமல் மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களையும் ஒப்பிட்டு, கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது என்பதை ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியிட்டார். அவருக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. ஒருவர் என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்று தெரிந்தாலே அவருடைய உடல் எவ்வளவு அசைகிறது என்பதை அனுமானித்துக்கொள்ள முடிந்தது. பிள்ளைகளுக்கோ உத்தியோகம் இல்லை. ஒரே வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்காரும் இரு பிள்ளைகளில் ஒருத்தி மணியடித்ததும் மைதானத்தின் மறுகோடிக்குப் பறப்பாள். மற்றொருத்தி மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசுவாள். அவர்களையே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்றால், “போன வாரம் எத்தனை நிமிஷம் ஓடினாய்?” என்ற கேள்விக்கு எட்டு வயதுப் பிள்ளை எதைச் சொல்லும்? காலத்தை நிமிடமாக எண்ணும் பழக்கம் அந்த வயதுக்கு இன்னும் படியவில்லை. உலகில் 11 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களில் 81 சதவீதத்தினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட கணக்குகூட, மாணவர்களே வினாத்தாளில் எழுதித் தந்த விடைகளிலிருந்து எடுத்ததே. வினாத்தாளின் இந்தப் பலவீனத்தைக் கண்டு சலித்தவர்கள்தாம் கருவியின் பக்கம் திரும்பினார்கள்.

நடையை எண்ணும் கருவி பழமையானது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுவிஸ் கடிகாரக் கம்மியர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். 1965-இல் ஜப்பானில் ‘மன்போ-கெய்’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அடிமானி, ‘பத்தாயிரம் அடி அளவி’ என்ற தன் பெயராலேயே பத்தாயிரம் என்ற இலக்கை உலகுக்குக் கொடுத்துவிட்டது. இன்று நம் கைக்கடிகாரங்கள் பெரியவருக்கும் பிள்ளைக்கும் பேதமின்றி நாள்தோறும் நினைவூட்டும் அந்த எண், ஒரு வியாபாரப் பெயரிலிருந்து கிளம்பியது. அடிமானி அடிகளை எண்ணுமே தவிர, ஓட்டத்தையும் நடையையும் வேறுபடுத்தாது. ஆகவே, அசைவின் வேகமாற்றத்தையே, அதாவது முடுக்கத்தையே, அளக்கும் கருவிகளை 1980-களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் உருவாக்கினர். அவற்றுக்குப் பின் வந்ததுதான் ஃபுளோரிடா மாகாணத்தில் பிறந்து, இப்போது ஆக்டிகிராஃப் என்ற பெயரால் உலகெங்கும் அறியப்படும் கருவி. மேற்சொன்ன ஐரோப்பிய ஆராய்ச்சியிலும் பிரிஸ்டல் ஆராய்ச்சியிலும் பிள்ளைகள் அணிந்தது அதன் பழைய மாதிரியை.

அதன் பிற்கால மாதிரி ஒன்றைச் சிறிது கிட்டத்தில் பார்ப்போம். 4.6 சென்டிமீட்டர் நீளம், 3.3 சென்டிமீட்டர் அகலம், 1.5 சென்டிமீட்டர் தடிப்பு. எடை 19 கிராம். தீப்பெட்டியைக் காட்டிலும் இம்மியளவு சிறிய செந்நிறப் பெட்டி. அதை ஓர் எலாஸ்டிக் பெல்ட்டில் கோத்து, வலது இடுப்பெலும்பின் மேல் படியும்படி கட்டிவிடுகிறார்கள். உள்ளே, சிலிக்கானில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பொருண்மை மெல்லிய வில்லுறுப்புகளில் தொங்குகிறது. பிள்ளை குதிக்கும்போது பெட்டி உடலோடு மேலெழும்ப, அந்தப் பொருண்மை நொடியில் ஒரு சிறு பின்னம் பின்தங்குகிறது. பின்தங்கிய தூரம் மின்னளவாக மாறிப் பதிவாகிறது. இவ்வாறு விநாடிக்கு 30 முதல் 100 தடவை, மேல்-கீழ், முன்-பின், இட-வலம் என்ற மூன்று திசைகளிலும் அளவு எடுக்கப்படுகிறது. அந்தப் பழைய மாதிரியோ மேல்-கீழ்த் திசை ஒன்றை மட்டும் விநாடிக்கு 10 தடவை அளந்தது.

இந்த மின்னளவு அப்படியே ஆராய்ச்சியாளர் கைக்கு வருவதில்லை. பஸ்ஸின் அதிர்வு முதலான மனித உடலுக்குச் சம்பந்தமற்ற துடிப்புகளை விலக்குவதற்காக, விநாடிக்குக் கால் முதல் இரண்டரை சுழற்சி வரையிலான அசைவுகளை மட்டும் அனுமதிக்கும் வடிகட்டி ஒன்று இடையில் வைக்கப்பட்டிருக்கிறது. அதைத் தாண்டி வந்தவற்றைக் கூட்டி, ‘அசைவு எண்’ என்று நாம் அழைக்கத்தக்க ஒரு தொகையாக்கித் தருகிறார்கள். இந்த வடிகட்டியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெரியவர்களின் நடைக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் அது ஒருவாறு பொருந்தும். பிள்ளைக்குக் கால் குட்டை. பெரியவர் இரண்டு எட்டில் கடக்கும் தூரத்தை அது மூன்று நான்கு எட்டு வைத்துக் கடக்கிறது. வேகமாக ஓடும்போது அதன் காலடிகள் விநாடிக்கு இரண்டரையைத் தாண்டிச் செல்கின்றன. அவ்வாறு தாண்டிய அசைவை அந்நிய அதிர்வென்று கருதி வடிகட்டி தணித்துவிடுவதால், பிள்ளை எத்தனை விரைந்தாலும் ஓர் அளவுக்கு மேல் அசைவு எண் ஏறாமல் நின்றுவிடுகிறது. அசைவு எண்ணைக் கணிக்கும் சூத்திரம் முழுமையாக அச்சில் வெளிவந்தது 2022-இல்தான் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதுவரை உலகத்து ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கம்பெனியின் மூடிய பெட்டியை நம்பியே எழுதி வந்தனர். பொதுமக்களின் ஆரோக்கியத்தைப் பற்றிய முடிவுகளுக்கு ஆதாரமான ஒரு சூத்திரம் அத்தனை காலம் மூடிக் கிடந்திருக்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இனி எல்லைக்கோட்டுக்கு வருவோம். அசைவு எண் தன்னளவில் எதையும் சொல்லாது. ‘ஐந்நூறு’ என்றால் ஐந்நூறு எதற்குச் சமம்? அதை அறிய, ஒரு சிறு கூட்டம் பிள்ளைகளைப் பரிசோதனைச் சாலைக்கு அழைத்துவந்து, இடுப்பில் கருவியையும் முகத்தில் மூச்சுக்காற்றை அளக்கும் முகமூடியையும் மாட்டி, படுக்கச் சொல்லியும், படம் வரையச் சொல்லியும், ஓடுபொறியில் நடக்கவும் ஓடவும் சொல்லியும், அவர்கள் உட்கொள்ளும் பிராணவாயுவையும் கருவி தரும் எண்ணையும் ஒன்றோடொன்று பொருத்துகிறார்கள். எந்தப் பிள்ளைகள் வந்தார்கள், என்னென்ன செய்யச் சொன்னார்கள், எவ்வளவு பிராணவாயுவை ‘மிதமான உழைப்பு’ என்று வைத்துக்கொண்டார்கள் என்பவற்றைப் பொறுத்துக் கோடு மாறுகிறது. 2002-இல் புயாவு குழுவினர் நிமிடத்துக்கு 3,200 என்றனர். 2004-இல் வளரிளம் பெண்களுக்கு ட்ரூத் குழுவினர் 3,000 என்றனர். 2008-இல் எவென்சன் குழுவினர் 2,296 என்றனர். இவற்றுள் எது சிறந்தது என்று 2011-இல் ட்ராஸ்ட் குழுவினர் ஒப்பிட்டுப் பார்த்து எவென்சனின் கோட்டைப் பரிந்துரைத்த பிறகு பலரும் அதையே பின்பற்றுகின்றனர். இது ஓரளவு ஒழுங்கைக் கொண்டுவந்தது என்பதை நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாரும் ஒரே கோட்டை ஒப்புக்கொள்வதனால் ஆராய்ச்சிகளை ஒப்பிட முடிகிறதே தவிர, அக்கோடு இயற்கையில் இருப்பதாக ஆகிவிடாது.

கோட்டைக் காட்டிலும் ஆழமான வேறொரு விஷயம் உண்டு. இன்றைய சொற்பொழிவில் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் அதுவே. கருவியை முதலில் உருவாக்கியவர்களின் மனத்தில் இருந்த மனிதர், காலையில் அரைமணி நேரம் ஒரே சீராக வேகநடை போடும் பெரியவர். அவருடைய உழைப்பை நிமிடக் கணக்கில் அளப்பது இயல்பு. பழைய கருவியின் நினைவகம் சிறியது என்பதாலும், ஏழு நாள் பதிவு அதில் அடங்க வேண்டும் என்பதாலும், அறுபது விநாடிக்கு ஒரு தொகை என்று சேமித்தார்கள். இந்தக் கால அலகை அத்துறையினர் ‘எபோக்’ என்பார்கள். பிள்ளையின் இயக்கம் அப்படிப்பட்டதுதானா என்ற கேள்வியை 1995-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் சிலர் கேட்டார்கள். அவர்கள் கருவியை ஒதுக்கிவைத்து, 6 முதல் 10 வயது வரையுள்ள 15 பிள்ளைகளை நேரில் பின்தொடர்ந்து, மூன்று விநாடிக்கு ஒரு முறை அந்தப் பிள்ளை என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டே சென்றார்கள். கடுமையான அசைவு ஒன்றின் இடைநிலைக் கால அளவு மூன்று விநாடி. அத்தகைய அசைவுகளில் நூற்றுக்கு 95 பதினைந்து விநாடிக்குள் முடிந்துவிட்டன. மென்மையான அசைவுக்கும் மிதமான அசைவுக்கும்கூட இடைநிலைக் கால அளவு ஆறு விநாடியே. ஓட்டம், நிற்றல், குதித்தல், உட்காருதல், மறுபடி ஓட்டம் என்று பிள்ளையின் நாள் ஆயிரம் சிறு வெடிப்புகளாகச் சிதறிக் கிடந்தது. எத்தனையோ விலையுயர்ந்த ஆராய்ச்சிகளுக்கு நடுவே, கண்ணால் பார்த்தே செய்த இந்த எளிய ஆராய்ச்சியையே நான் மிகவும் மதிக்கிறேன்.

இதன் விளைவை ஒரு கணக்கால் காட்டுகிறேன். நம் தெருவில் பாண்டி ஆடும் ஒரு பெண்பிள்ளையை எண்ணிப் பாருங்கள். சில்லைக் கட்டத்தில் எறிந்து, ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டு கட்டங்களைத் தாண்டிப் போய், திரும்பிவந்து, குனிந்து சில்லை எடுத்துக்கொண்டு வெளியே குதிக்கிறாள். அதற்குப் பதினைந்து விநாடி. அடுத்தவள் ஆடும்போது இவள் ஓரத்தில் நின்று, “கோட்டை மிதிச்சிட்டே!” என்று தகராறு செய்துகொண்டிருக்கிறாள், அதற்கு நாற்பத்தைந்து விநாடி. ஆட்டத்தின் பதினைந்து விநாடியில் அசைவு எண் 1,200 என்றும், நின்ற நாற்பத்தைந்து விநாடியில் பதினைந்து விநாடிக்கு 50 வீதம் 150 என்றும் வைத்துக்கொள்வோம். எவென்சனின் கோட்டின்படி, பதினைந்து விநாடிக்கு 574-ஐத் தொட்டால் மிதமான உழைப்பு, 1,003-ஐத் தொட்டால் கடுமையான உழைப்பு. பதினைந்து விநாடிக் கணக்கில் பார்த்தால், அவள் கால் நிமிடம் கடுமையாக உழைத்தாள் என்று பதிவாகும். அறுபது விநாடிக் கணக்கிலோ மொத்தம் 1,350. அது 2,296-க்குக் கீழே. ஆகவே அவள் அந்த நிமிடம் முழுவதும் மென்மையாக அசைந்தாள் என்றும், உழைப்பு ஒரு விநாடியும் இல்லை என்றும் பதிவாகும். அரைமணி நேரம் இப்படியே ஆடினால், ஒரு கணக்கில் ஏழரை நிமிடக் கடும் உழைப்பு. மற்றொரு கணக்கில் சூனியம். சிறுமி ஒருத்தி, கருவி ஒன்று, ஆட்டம் ஒன்று; மாறியது நாம் காலத்தை வெட்டிய முறை மட்டுமே. எனக்கு இதில் மிகவும் துயரமாகப்படுவது, நிமிடத் தொகையாகச் சேமித்த பழைய பதிவுகளிலிருந்து அந்த விநாடிகளை இனி எவராலும் மீட்க முடியாது என்பது.

கருவி காணாதவையும் உண்டு. தண்ணீரில் இறங்குமுன் பெல்ட்டைக் கழற்றச் சொல்லும் ஆராய்ச்சியில் நீச்சல் இல்லை. மேட்டில் ஏறுவதற்கும் சமதரையில் நடப்பதற்கும் உள்ள பேதம் இடுப்பின் அசைவில் தெரிவதில்லை, சுமையும் தெரிவதில்லை. சைக்கிள் மிதிக்கும்போது தொடை வெந்துபோகும், இடுப்போ ஆசனத்தில் அசையாது இருக்கும். டென்மார்க்கின் ஓடென்ஸே நகரத்தில் சைக்கிளில் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளின் உடற்றகுதி, நடந்தோ காரிலோ செல்பவர்களுடையதைக் காட்டிலும் மேலாக இருந்தது. அந்த மேன்மைக்குக் காரணமான உழைப்பை இடுப்புக் கருவி ஏறக்குறைய உட்கார்ந்திருத்தலாகவே எண்ணியது. அரசாங்கம் விலையில்லாச் சைக்கிள் வழங்கி, பதினோராம் வகுப்புப் பெண்களும் பையன்களும் எதிர்க்காற்றில் மிதித்துப் பள்ளிக்கூடம் சேரும் நம் மாநிலத்தில், அதே கருவியை அதே விதத்தில் கட்டினால் என்ன கிடைக்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். தெருக்குழாயிலிருந்து இடுப்பில் குடம் சுமந்து வரும் சிறுமியின் பிரயாசை வெறும் மெதுநடையாகப் பதிவாகும். அந்தக் குடம் கருவி கட்டிய அதே இடுப்பில் உட்கார்ந்தால் அதுவும் ஒழுங்காகப் பதிவாகாது.

கருவியைக் கழற்றி வைத்த நேரத்துக்கும் அசையாதிருந்த நேரத்துக்கும் உள்ள பேதத்தைக் கண்டறிவது ஒரு தனி இடர். தொடர்ச்சியாக இருபது நிமிடம் பூஜ்யமாக இருந்தால் கழற்றியதாகக் கொள்வோரும் உண்டு, அறுபது நிமிடம் என்போரும் உண்டு. நாளொன்றுக்குப் பத்து மணி நேரமாவது அணிந்தால்தான் அது கணக்கில் சேரும் நாள் என்பது பொது வழக்கம். இதை விரிக்க நேரம் இல்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, இந்தக் கருவிகளால் ஆன பயன் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பயன் மிகப் பெரிது. வினாத்தாள்களால் ஒருபோதும் வெளிவந்திருக்க முடியாத சில உண்மைகள் இவற்றால் வெளிவந்தன. இங்கிலாந்தின் பிளிமத் நகரில் டெரன்ஸ் வில்கின் என்ற பேராசிரியரும் அவருடைய சகாக்களும் மூன்று ஆரம்பப் பள்ளிகளைச் சேர்ந்த 215 பிள்ளைகளுக்குக் கருவி கட்டி, 2003-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஒரு பள்ளி வசதி மிகுந்த தனியார் பள்ளி. அங்கே வாரத்துக்கு ஒன்பது மணி நேரத் தேகப்பயிற்சி. மற்றொன்றில் 2.2 மணி நேரம், மூன்றாவதில் 1.8 மணி நேரம். பள்ளி நேரத்தில், எதிர்பார்த்தபடியே, ஒன்பது மணி நேரப் பள்ளிப் பிள்ளைகளே அதிகம் அசைந்தனர். ஆனால் நாள் முழுவதையும் கூட்டிப் பார்த்தபோது மூன்று பள்ளிகளுக்கும் வித்தியாசம் இல்லை. பள்ளியில் குறைவாக ஓடியவர்கள் வீட்டுக்குப் போன பிறகு அந்தக் குறையை ஈடுசெய்துகொண்டார்கள். பிள்ளையின் உடலுக்குள்ளேயே இயக்கத்தை ஒரு மட்டத்தில் நிறுத்தும் நியாமகம் ஒன்று இருக்கிறது என்று வில்கின் இதிலிருந்து ஊகித்தார். அதே குழுவினர் 2012-இல் முப்பது பரிசோதனைகளைத் தொகுத்துப் பார்த்து, பிள்ளைகளை அதிகம் இயங்கச் செய்ய எடுத்த திட்டங்களால் கிடைத்த பலன், நாளொன்றுக்கு ஏறக்குறைய நான்கு நிமிட நடையோ ஓட்டமோதான் என்று அறிவித்தனர்.

உள்நியாமகம் பற்றிய ஊகத்தை நான் முழுவதுமாக ஏற்கவில்லை. ஏற்காமைக்குக் காரணம் சொல்கிறேன். பள்ளியில் குறைவாக ஓடியவர்கள் மாலையில் ஈடுசெய்துகொண்டார்கள் என்றால், மாலையில் அவர்களுக்கு ஓட இடமும் நேரமும் அனுமதியும் இருந்தன என்று அர்த்தம். டியூஷனிலிருந்து டியூஷனுக்குச் செல்லும் பிள்ளைக்கு, வாசலில் லாரி ஓடும் தெருவில் வாழும் பிள்ளைக்கு, இருட்டுமுன் வீடு சேர வேண்டும் என்று கட்டளையிடப்பட்ட பெண்பிள்ளைக்கு, எந்த நியாமகம் இருந்தும் என்ன பயன்? கனடாவில் பழைய முறை மென்னோனைட் சமூகத்தைச் சேர்ந்த பிள்ளைகளை மார்க் ட்ரெம்ப்ளேயும் அவருடைய குழுவினரும் இதே வகைக் கருவியால் அளந்து, 2005-இல் வெளியிட்ட முடிவை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தேகப்பயிற்சி வகுப்பே கிடையாது, போட்டி விளையாட்டுக் குழுக்களும் கிடையாது. பள்ளிக்கு நடந்து போகிறார்கள், வீட்டு வேலையும் பண்ணை வேலையும் செய்கிறார்கள். அவர்கள் சாஸ்காட்சுவான் மாகாணத்து நகர, கிராமப் பிள்ளைகளைக் காட்டிலும் அதிகம் இயங்குபவர்களாக இருந்தனர். ஒரு பிள்ளை எவ்வளவு அசைகிறது என்பதை அதன் வகுப்பட்டவணை மட்டுமோ உள்நியாமகம் மட்டுமோ தீர்மானிப்பதில்லை, அதன் நாள் எவ்வாறு அமைக்கப்பட்டிருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது என்று இதிலிருந்து நான் கொள்கிறேன். எவர் நினைவாக இந்த அறக்கட்டளை அமைந்ததோ அந்த ஆசிரியர் விளையாட்டுப் பீரியடை விடாது காத்தது, மாலையில் ஓட வாய்ப்பில்லாத பிள்ளைகளுக்கு அந்த ஒரு பீரியடே கதி என்பதை அவர் அறிந்திருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு உண்மை மனத்தை வருத்துவது. பல தேசத்துப் பதிவுகளை ஒன்றுசேர்த்து, ஒரே முறையில் மறுகணக்குச் செய்த சர்வதேசத் தொகுப்பு ஒன்றில், பத்து நாடுகளைச் சேர்ந்த 27,637 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டபோது, ஐந்து வயதுக்குப் பிறகு ஒவ்வொரு வயதுக்கும் மொத்த இயக்கம் சராசரி 4.2 சதவீதம் குறைவதைக் கண்டார்கள். எல்லா வயதிலும் பெண்பிள்ளைகள் பையன்களைவிடக் குறைவாகவே இயங்கினார்கள். பதின்ம வயதில்தான் பிள்ளைகள் மந்தமாகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். தேய்வு முதல் வகுப்பில் உட்காரும் வயதிலேயே தொடங்கிவிடுகிறது. கோடு எங்கே இருந்தாலும் இந்தத் தேய்வு மறைவதில்லை. ஏனென்றால் அது எந்தக் கோட்டையும் கொண்டு கண்டதன்று. நாள் முழுதும் சேர்ந்த மொத்த அசைவைக் கொண்டு கண்டது. ஆகவேதான், ‘எத்தனை சதவீதம் தேறினார்கள்’ என்ற கேள்வியைவிட ‘மொத்தம் எவ்வளவு, எப்போது, எங்கே’ என்ற கேள்விகளையே கருவியிடம் கேட்க வேண்டும் என்கிறேன். உலக சுகாதார ஸ்தாபனமும் 2010-இல் ‘நாள்தோறும் குறைந்தது அறுபது நிமிடம்’ என்று சொல்லியிருந்ததை 2020-இல் ‘வாரம் முழுவதும் சராசரியாக நாளொன்றுக்குக் குறைந்தது அறுபது நிமிடம்’ என்று திருத்தியது. அந்தத் திருத்தத்தால், ஞாயிற்றுக்கிழமை சோம்பியிருந்த பிள்ளையும் தேறியவர் வரிசையில் இடம் பெறலாம்.

இப்போது இடுப்பை விட்டு மணிக்கட்டுக்குக் கருவி ஏறிவருகிறது; கைக்கடிகாரம் போல இருப்பதால் பிள்ளைகள் அதைக் கழற்றாமல் குளிக்கும்போதும் தூங்கும்போதும் அணிந்திருக்கிறார்கள். அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய ஆரோக்கிய ஆய்வு 2003 முதல் 2006 வரை இடுப்பிலும், 2011 முதல் 2014 வரை மணிக்கட்டிலும் கருவியைக் கட்டியது. கையின் அசைவும் உடலின் அசைவும் ஒன்றல்லவாதலால் இவ்விரண்டு காலப் பதிவுகளை நேராக ஒப்பிட முடியாது. ஆனால் புதிய கருவிகள் தொகையாக்காத மூல அளவுகளையே, புவியீர்ப்பு முடுக்கத்தின் ஆயிரத்தில் சில பங்கு வரை நுணுக்கமாகச் சேமித்து வைக்கின்றன. எந்தக் கம்பெனியின் சூத்திரத்தையும் நம்பாமல், எவரும் எந்தக் கால அலகிலும் மறுகணக்குச் செய்துகொள்ளலாம். பாண்டி ஆடும் சிறுமியின் விநாடிகள் இனித் தொலைய வேண்டியதில்லை.

நம் தேசத்தில் இம்முயற்சி புதிதன்று. மைசூரில், பிறந்த நாளிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டு வரும் பிள்ளைகளுள் எட்டு ஒன்பது வயதுடைய சிலருக்கு இக்கருவியையும் கட்டி, ஐதரசனும் பிராணவாயுவும் கனமான அணுக்களாக மாற்றப்பட்ட விசேஷ நீரையும் அருந்தக் கொடுத்து, அவர்கள் உண்மையில் செலவிட்ட சக்தியையும் கருவியின் எண்ணையும் அருகருகே வைத்துப் பார்த்த ஆராய்ச்சி 2009-இல் வெளிவந்திருக்கிறது. அந்நிய தேசத்துப் பிள்ளைகளைக் கொண்டு வகுத்த கோடுகளை அப்படியே இறக்குமதி செய்யாமல், நம் பிள்ளைகளின் உடலையும் அவர்கள் செய்யும் காரியங்களையும் கொண்டே சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது நல்ல தொடக்கம்.

இந்த மண்டபத்தில் அமர்ந்திருக்கும் இளம் ஆராய்ச்சி மாணவர்களுள் யாரேனும் நாளை ஒரு கிராமத்துப் பள்ளிக்கு இந்தக் கருவிகளை எடுத்துச் செல்வீர்களானால், மூல அளவுகளை அழிக்காமல் சேமியுங்கள். கோடு எதுவாயினும் அதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அதோடு, அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்தது நடந்தா, சைக்கிளிலா, வேனிலா, மாலையில் அது சுமந்தது என்ன, அதன் தெருவில் விளையாட இடம் உண்டா, இருட்டிய பின் அதை வெளியே விடுவார்களா என்பவற்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். லாஸ் ஏஞ்சலிஸில் செய்தது போல, சில பிள்ளைகளையாவது விநாடிக் கணக்கில் கண்ணால் பின்தொடருங்கள். முடிவுகளைக் கொண்டு பிள்ளைகளுக்கு மார்க் போடவும், வகுப்பில் யார் முதல் யார் கடைசி என்று பெயர் வாசிக்கவும் பள்ளிக்கு இடம் கொடாதீர்கள். பெற்றோர் கையெழுத்திட்ட சம்மதத்தோடு நிற்காமல், பிள்ளையிடமும் அதன் பாஷையில் விளக்கிச் சம்மதம் கேளுங்கள். பெல்ட் இறுக்குகிறது என்றோ, கூடப் படிப்பவர்கள் கேலி செய்கிறார்கள் என்றோ அது கழற்றி வைத்தால் வற்புறுத்தாதீர்கள். அது கழற்றிய நேரத்தைக் கழற்றிய நேரம் என்றே எழுதுங்கள்.